கோரைத்திட்டுப் பாலம் குறித்த துணைக் கேள்விகள்

அமைச்சர் பஞ்சநதம் தலைநகரத்து நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, மூக்குக் கண்ணாடியைத் துண்டு நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்ன அதே முற்பகலில், அங்கிருந்து ரயிலேறினால் பிருஷ்டம் மரத்துப்போகும் தூரத்தில் இருக்கிற எங்கள் கோரைத்திட்டில், ஊருக்கும் எதிர்க்கரையான சேந்தவாடிக்கும் நடுவே, அதுவரைக்கும் உப்பங்கழியும் நாலைந்து கொக்குகளும் மட்டுமே இருந்த இடத்தில், ஒரு பாலம் நின்றுகொண்டிருந்தது. இடி இடிக்கவில்லை, பூமி ஆடவில்லை, கோயில் மணி தானாக அடிக்கவில்லை. கழியில் நண்டு தடவிக்கொண்டிருந்தவர்கள் முதுகில் நிழல் விழுந்ததே என்று நிமிர்ந்து பார்த்தார்கள், வெயில் தணிந்தது நல்லதாயிற்று என்று மறுபடி குனிந்துகொண்டார்கள். முதலில் அதன் மேல் ஏறியது ஒரு வெள்ளாடு. ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தவள் ஆட்டின் பின்னால் ஏறினாள். அவளைத் தேடிக்கொண்டு வந்த புருஷன் அவள் பின்னால் ஏறினான். மத்தியானச் சோற்று நேரத்துக்குள் ஊரில் பாதிப் பேர் ஏறி இறங்கியாயிற்று.

இறங்கியது இதே பக்கம்தான். ஏனென்றால் பாலம் சேந்தவாடியைத் தொடவில்லை. கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வெட்டின வாழைத்தண்டு மாதிரி சட்டென்று முடிந்துவிட்டது. ஏன் இப்படி அரைகுறையாக நிற்கிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை. சாயங்காலம் டிவி செய்தியில் விளங்கிவிட்டது. "கோரைத்திட்டுப் பாலப் பணிகள் தொண்ணூறு விழுக்காடு நிறைவடைந்துவிட்டன என்பதை இந்த அவைக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் பஞ்சநதம். பாலமும் அவர் சொன்ன தொண்ணூறோடு நின்றுகொண்டது, அதற்கு மேல் ஒரு முழம் கிடையாது.

அந்தப் பொய்யை அவர் வாயிலிருந்து வரவழைத்தவர் எங்கள் ஊர்க்காரர்தான். பெயர் தையல்நாயகி. நாங்கள் டீச்சரம்மா என்போம், சேந்தவாடிப் பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் கணக்கு நடத்தியவர், விடை சரியாகவே இருந்தாலும் வழிமுறை எழுதாத பிள்ளைக்கு முட்டை போட்டவர், பரீட்சை ஹாலில் அவர் நடந்து வந்தால் பார்த்து எழுதாதவனுக்கும் வேர்க்கும். எதிர்க்கட்சி அவருக்கு டிக்கெட் கொடுத்ததற்குக் காரணம் எங்கள் தொகுதியில் தோற்பதற்கு வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான்; அவரோ ஜெயித்துத் தொலைத்தார். நாடாளுமன்றத்துக்குப் போயும் டீச்சர் புத்தி போகவில்லை. அங்கே கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. உறுப்பினர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விக்கு அமைச்சர் அதிகாரிகள் எழுதிக் கொடுத்த பதிலை வாசிப்பார், அதுவரைக்கும் தாலாட்டு மாதிரித்தான் போகும். அப்புறம் கேட்டவர் எழுந்து வாய்மொழியாக இரண்டு துணைக் கேள்வி கேட்கலாம், அதற்கு எழுதிக் கொடுத்த பதில் கிடையாது, அமைச்சர் சொந்த வாயால் சமாளிக்க வேண்டும். அந்தத் துணைக் கேள்வி கேட்பதில் எங்கள் டீச்சரம்மாவை மிஞ்ச ஆளில்லை. கோரைத்திட்டுக்குப் பாலம் எங்கே என்று அவர் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்டார். ஆய்வில் இருக்கிறது என்றார்கள், பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள், தகவல் திரட்டப்பட்டு வருகிறது என்றார்கள். கடைசியில் அவர் விட்ட குடைச்சலில் பஞ்சநதத்துக்கு மூச்சு முட்டி, ஆளை உட்காரவைத்தால் போதும் என்று, அந்தத் தொண்ணூறு விழுக்காட்டை அவிழ்த்துவிட்டார்.

படகோட்டி அஞ்சாப்புலிதான் அவருக்கு முதலில் போன் போட்டார்.

"டீச்சரம்மா, பாலம் வந்துடுச்சு."

"எந்தப் பாலம்?"

"நம்ம பாலந்தான். அமைச்சரு சொன்ன பாலம்."

"அவரு சொன்னது பச்சப் பொய்ங்க. அங்க ஒரு செங்கல்லு கூட நடலை."

"பொய்யாவே இருக்கட்டும். ஆனா ஆடு ஏறிப் போவுது."

"யாரும் அதுல ஏறக் கூடாதுன்னு சொல்லுங்க!"

"சொல்லிப்புடலாம். ஆனா எல்லாரும் நடுப்பாலத்துல நிக்கறாங்க. நானும் ஏறிப் போய்த்தான் சொல்லணும்."

அந்த வார இறுதியிலேயே டீச்சரம்மா வந்துவிட்டார். சேந்தவாடிக் கரையில் நின்று பார்த்தார், படகில் வந்து தூணைத் தட்டிப் பார்த்தார், குடைக் கம்பியால் சுரண்டிப் பார்த்தார். பாலம் பாலமாகத்தான் இருந்தது. ஆனால் மேலே ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "இது இல்லேன்னு நிரூபிக்கத்தான் நான் சம்பளம் வாங்குறேன். இதும்மேலயே நடந்துட்டு அங்க போயி எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இல்லேன்னு சொல்லுவேன்?" என்றார். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறம் எத்தனையோ காலம், ஊரே தலைக்கு மேல் நடந்துபோக, அவர் ஒருவர் மட்டும் கீழே அஞ்சாப்புலியின் படகில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போவார், நாங்கள் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கையாட்டுவோம். அஞ்சாப்புலிக்கு அவர் ஒருவர்தான் சவாரி.

எங்களுக்கு அப்படிப்பட்ட சங்கடம் எதுவும் இல்லை. படகுக்காகக் காத்து நின்றே எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வயசாகிவிட்டது. சுடுகாடு சேந்தவாடியில், ஆஸ்பத்திரி சேந்தவாடியில், பள்ளிக்கூடம் சேந்தவாடியில். செத்தவர்கள் படகில் போனார்கள், சாகக் கிடந்தவர்கள் படகில் போனார்கள், பிறக்க வேண்டியவர்கள் படகிலேயே பிறந்தார்கள், அதனால் எங்கள் ஊரில் கழிமுத்து, கழியம்மாள் என்று பெயர் வைக்காத வீடு கிடையாது. ஆகவே விட்டுப்போன பத்து விழுக்காட்டுக்கு நாலு பனைமரத்தைச் சாய்த்துப் போட்டுவிட்டு நாங்கள் போக வர ஆரம்பித்துவிட்டோம். டீச்சரம்மாவின் தங்கை செங்கமலம் நடுப்பாலத்தில் டீக்கடை போட்டாள். மாசிமகத்துக்கு எங்கள் அம்மன் முதல்முறையாகக் கால் நனையாமல் சேந்தவாடிக்குப் போய்வந்தாள். சில ஒழுங்குமுறைகளும் தானாக ஏற்பட்டன. பாலத்தின் மேல் நிற்கும்போது யாரும் பஞ்சநதத்தைப் பொய்யன் என்று திட்டக் கூடாது. திட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இறங்கி மண்ணில் நின்று வயிறாரத் திட்டிவிட்டு மறுபடி ஏறலாம். அமைச்சருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று செய்தி வந்தால் அம்மனுக்கு மிளகும் தேனும் படைத்தோம். எந்த ஆளுங்கட்சி ஊரிலும் அவருடைய தொண்டைக்கு இப்படி ஒரு கவனிப்பு நடந்திருக்காது.

டீச்சரம்மா அடுத்த கூட்டத்தொடரில் பஞ்சநதத்தைத் தொலைத்துவிடுவதாகத்தான் கிளம்பினார். அவையில் பொய் சொன்ன அமைச்சர் மேல் உரிமை மீறல் தீர்மானம் கொண்டுவந்தால் பதவி போகும், அதோடு அரசாங்கமே ஆடும் என்று அவர் கட்சிக்காரர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கிளம்புகிற அன்றைக்குச் செங்கமலத்தின் மகளுக்கு இடுப்புவலி எடுத்தது. நல்ல காற்று, கழி கொந்தளித்துக்கொண்டிருந்தது, படகை எடுக்கவே முடியாது. பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பாலத்தில் ஓடினார்கள், பனைமரத்தைத் தாண்டும்போது மட்டும் நாலு பேர் தண்ணீரில் இறங்கித் தாங்கினார்கள், குழந்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தது. காற்று அடங்கியபின் படகில் போய்ப் பார்த்தார் டீச்சரம்மா. குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக் கொடுத்தார். அவர் கணக்கு டீச்சர் அல்லவா, ஒன்று புரிந்துவிட்டது. சொன்னதால் வந்தது, சொன்னதை வாபஸ் வாங்கினால் போய்விடும். பஞ்சநதத்தின் பொய்யை அவர் உடைத்தால் பாலமும் உடையும்.

கேள்வி நேரம் வந்தது. பஞ்சநதம் முகத்தில் ஈயாடவில்லை. இந்த அம்மாள் இன்றைக்குத் தொலைத்துவிடுவாள் என்று அவருக்கும் தெரியும். டீச்சரம்மா எழுந்தார். "கோரைத்திட்டுப் பாலத்தில் மீதிப் பத்து விழுக்காடு முடியவில்லையாமே, மக்கள் பனைமரத்தில் நடக்கிறார்களாமே, இது உண்மையா?" என்று கேட்டார். பஞ்சநதத்துக்கு உயிர் வந்தது. "மாண்புமிகு உறுப்பினரின் தகவல் தவறானது. பாலம் முழுமையாக நிறைவடைந்து மக்கள் பயன்பாட்டில் உள்ளது" என்றார் கம்பீரமாக. எங்கள் ஊரில் பனைமரம் நாலும் தடாலென்று கழியில் விழுந்தன, பாலம் சேந்தவாடி மண்ணைத் தொட்டது.

அப்புறம் டீச்சரம்மாவுக்கு ருசி கண்டுவிட்டது. அதை மறைப்பானேன். முன்பெல்லாம் உண்மையை வரவழைக்கக் கேள்வி கேட்டவர், இப்போது எந்தப் பொய் எங்களுக்குத் தேவையோ அதை வரவழைக்கிற மாதிரி கேட்க ஆரம்பித்தார். பாலத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாததால் மாடுகள் கழியில் விழுகின்றனவாமே? "அபாண்டம்! வலுவான கைப்பிடிச் சுவர் இருபுறமும் உள்ளது." விளக்கு இல்லாமல் பெண்கள் பயப்படுகிறார்களாமே? "விளக்குகள் ஒளிவீசிக்கொண்டிருக்கின்றன." இரவில் என்று அவர் சொல்லாததால் விளக்குகள் பகலிலும் ஒளிவீசிக்கொண்டிருந்தன, எப்படி அணைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை, மின்சார வாரியத்துக்காரர் வந்து கம்பி எங்கிருந்து வருகிறது என்று தேடிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். ஆளுங்கட்சி வரிசையில் ஒவ்வொரு பதிலுக்கும் மேசையைத் தட்டினார்கள். எதிர்க்கட்சியின் பீரங்கி என்று பெயரெடுத்த அம்மாளைப் பஞ்சநதம் இப்படி மடக்குகிறாரே என்று பத்திரிகைகள் வியந்தன. டீச்சரம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார், சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று.

ஒருநாள் அவையில் வேறு ஏதோ விஷயத்துக்குக் கலாட்டா. இரு தரப்பும் கத்தின. கைப்பிடிச் சுவரைப் பற்றி முன்பு சொன்னதை மறுபடி பெருமையாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்த பஞ்சநதம், அதே மூச்சில் ஒரு உறுப்பினரின் தகப்பனாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சபாநாயகர் மணியை அடித்து, "கைப்பிடிச் சுவர் குறித்து அமைச்சர் பேசியவை அனைத்தும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன" என்றார். அவைக்குறிப்பு என்பது அங்கே பேசுகிறதையெல்லாம் அச்சடித்து வைக்கிற புத்தகம். அதிலிருந்து சபாநாயகர் நீக்கிவிட்டால் அந்தப் பேச்சு பேசப்படவே இல்லை என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து அஞ்சாப்புலி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பீடி பற்றிக்கொண்டது, சுவர் இல்லை. மனிதர் மல்லாக்க விழுந்து, முங்கி, எழுந்து, வாயில் அணைந்த பீடியோடு கரையேறினார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். டீச்சரம்மா சிரிக்கவில்லை. விழுந்தது நீச்சல் தெரிந்தவர், போனது சுவர். நாளைக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பாலமே போனால் என்ன செய்வது என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் சுவரை மட்டும் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, அதோடு கோரைத்திட்டைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

அதுதான் தப்பாகப் போயிற்று. நாடாளுமன்றத்தில் கத்துகிறவரை யாரும் சந்தேகப்படுவதில்லை, சும்மா இருக்கிறவரைத்தான் சந்தேகப்படுவார்கள். பஞ்சநதம் இந்த அம்மாளை விலைக்கு வாங்கிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. கட்சித் தலைவர் கூப்பிட்டு முகத்துக்கு நேராகவே கேட்டார். "இல்லாத பாலத்தை அவன் இருக்குன்னு சொல்றான், நீங்க கம்முனு உட்காந்திருக்கீங்க. என்னம்மா வாங்குனீங்க?" டீச்சரம்மா வாழ்நாளில் ஒரு பிள்ளையின் பென்சிலைக்கூட இரவல் வாங்காதவர். எழுந்து வந்துவிட்டார். ஊருக்கு வந்தபோது படகில் உட்கார்ந்து அழுதார் என்று அஞ்சாப்புலி எங்களிடம் சொன்னார். நாங்கள் மேலே பாலத்தில் நின்று கேட்டுக்கொண்டோம், எங்களுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் இறங்கவில்லை.

தேர்தல் வந்தது, பஞ்சநதத்தின் கட்சி தோற்றது, டீச்சரம்மாவின் கட்சி ஜெயித்தது. புது மந்திரிசபையில் பாலங்கள் துறையை யார் கேட்டார்களோ இல்லையோ, அது டீச்சரம்மா தலையில் வந்து விழுந்தது. நாங்கள் பட்டாசு வெடித்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, கல்லாலும் சிமெண்டாலும் கோரைத்திட்டுக்கு ஒரு நிஜப் பாலம் கட்டக் கோப்பு போடச் சொன்னார். துறைச் செயலாளர் கோப்போடு திரும்பி வந்தார்.

"மேடம், அங்க ஏற்கெனவே பாலம் இருக்கே."

"அது பொய்ங்க."

"அவைக்குறிப்புல இருக்கு மேடம். இருக்குற பாலத்துக்குப் பக்கத்துலயே இன்னொரு பாலம்னு எழுதுனா தணிக்கையில என்னைத் தொங்க விட்ருவாங்க. இல்லேன்னு நீங்க அவையில எழுந்து சொல்லிடுங்க, நாளைக்கே வேலைய ஆரம்பிச்சிடலாம்."

"இல்லேன்னு நான் சொன்னா அடுத்த நிமிஷம் அது இருக்காது. அதும்மேல ஆளுங்க இருப்பாங்க. நீங்க கட்டி முடிக்க எத்தனை வருஷம்?"

செயலாளர் கோப்பை மூடிவிட்டு, இருக்கிற பாலம் உறுதியா என்று பார்க்கச் சொன்னார். ஒரு பொறியாளரை அனுப்பினார்கள். அவர் படகில் போய்ப் பாலத்தின் அடியைப் பார்த்தார். தூண்கள் சேற்றில் இறங்கவே இல்லை, தண்ணீருக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டன. அஸ்திவாரத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை, பஞ்சநதமும் சொன்னதில்லை. பொறியாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "திருப்திகரமாக உள்ளது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

எங்களுக்கு இதில் ஆத்திரம்தான். டீச்சரம்மாவிடம் நேராகவே கேட்டோம், நீங்கள்தான் இப்போது அமைச்சர், எழுந்து நின்று நாலு நல்ல பொய்யாகச் சொல்லக் கூடாதா, ஊருக்கே ஒரு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், முடிந்தால் ஒரு ரயிலடி? "நான் பொய் சொல்லி ஒண்ணு வந்தா, நாளைக்கு எவனாவது ஒரு யோக்கியன் உண்மையைச் சொல்லி அது போயிடும்" என்றார். "வந்து வாய்ச்சுது பாரு, பொய் சொல்லத் தெரியாத மந்திரி" என்று செங்கமலம் டீ ஆற்றிக்கொண்டே அலுத்துக்கொண்டாள்.

எதிர்க்கட்சி வரிசைக்குப் போன பஞ்சநதம் சும்மா இருப்பாரா. அவர் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிற நேரத்தில் தன் மண்டையில் உதித்த பாலம் அது, அங்கே கழியும் கொக்கும்தான் இருக்கும் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஆகவே அவர் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தார்: கோரைத்திட்டில் பாலம் உள்ளதா, உள்ளதெனில் கட்டியவர் யார்? இல்லை என்றால், அமைச்சராகி இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்கலாம். இருக்கிறது என்றால், அப்படியானால் அன்றைக்கு உங்கள் கட்சி என்னைப் பொய்யன் என்றது ஏன் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. டீச்சரம்மாவே பார்த்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

புதன்கிழமைக்குக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்கு வந்தார். எங்களை உட்காரவைத்து, புதன்கிழமை பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் யாரும் பாலத்தில் நிற்கக் கூடாது, ஆடு மாடும் கூடாது என்றார். நாங்கள் கேட்பதாக இல்லை. பேசியது செங்கமலம்தான்.

"நாங்க நிப்போம்க்கா. ஊரு பூரா நிக்கும். புள்ளையோட என் பொண்ணும் நிப்பா. நீ என்ன சொல்லணுமோ சொல்லு."

"அடி பாவி, எனக்கே குழி வெட்டுறியா?"

"நீ பொய் சொல்லவே வேண்டாம். ஒருதடவ அதும்மேல நடந்துட்டுப் போய்ச் சொல்லு. அதத்தான நாங்க இத்தனை நாளா கேக்கறோம்."

டீச்சரம்மா எழுந்து வெளியே வந்தார். பாலத்து முனையில் வந்து நின்றார். அஞ்சாப்புலி வழக்கப்படி படகை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் அடியை வெந்நீரில் கால் விடுகிற மாதிரி வைத்தார். அவ்வளவு நாளும் இல்லை என்று சொல்லியே பெயர் வாங்கின ஒன்றின் மேல் நடக்க அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது, அதனால் யாரும் கேலி பண்ணவில்லை, பின்னால் நடந்தோம். நடுப்பாலத்துக்கு வந்ததும் செங்கமலம் முந்திக்கொண்டு ஓடிக் கடையில் நுழைந்து ஒரு டீ போட்டு நீட்டினாள்.

"டீ சூடா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப கடை இருக்கு. கடை இருந்தா கடைக்குக் கீழ பாலம் இருக்கு. இதுக்கு மேல வழிமுறை எழுதணுமா டீச்சரு?"

டீச்சரம்மா டீயைக் குடித்து முடித்தார். சேந்தவாடிக் கரைவரைக்கும் போய்த் திரும்பினார். திரும்பும்போது கைப்பிடிச் சுவரில் கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

புதன்கிழமை காலையில் ஊர் முழுக்கப் பாலத்தில் நின்றது. செங்கமலத்தின் கடை டிவியை வெளியே திருப்பி வைத்தோம். ஆடுகள் நின்றன, மாடுகள் நின்றன, அம்மனையும் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று அஞ்சாப்புலி மட்டும் கீழே படகில் வலையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கோரைத்திட்டில் பாலம் உள்ளதா?" என்றார் பஞ்சநதம்.

"உள்ளது" என்றார் டீச்சரம்மா. "ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் நான் நடந்தேன்."

அவை கொந்தளித்தது. பஞ்சநதம் துள்ளி எழுந்தார். "அப்படியானால் கட்டியது யார்? எந்த அரசு கட்டியது? இந்த அவைக்கு அமைச்சர் சொல்வாரா?" டீச்சரம்மாவின் பின்வரிசையில் அவர் கட்சிக்காரர்கள் "நாங்கதான், நாங்கதான்" என்று மேசையைத் தட்டினார்கள். கட்சித் தலைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை, நாங்கள்தான் என்று சொல்லிவிட்டால் போதும். பாலம் இருக்கும், அவர் பெயரும் இருக்கும், விலைபோனவர் என்ற பேச்சும் அடங்கும். எங்களில் பாதிப் பேர் பாலத்தில் நின்று, சொல்லேன் தாயே, சொல்லித் தொலையேன் என்று டிவியைப் பார்த்துக் கும்பிட்டோம்.

"கட்டியவர்," என்றார் டீச்சரம்மா, "கேள்வி கேட்ட மாண்புமிகு உறுப்பினர் பஞ்சநதம் அவர்கள்தான். வெறும் வாயாலேயே கட்டினார்."

பாலம் ஒருதடவை நெளிந்தது. காலடியில் சிமெண்டு தயிர் மாதிரி இளகியது, ஆடுகள் கத்தின, செங்கமலம் பேரப்பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள், கீழே அஞ்சாப்புலி வலையை உயர்த்தினார். அங்கே சிரிப்பும் கூச்சலும் பொங்க, சபாநாயகர் மணியை அடி அடியென்று அடித்து, "வெறும் வாயாலேயே என்ற சொற்கள் அவை மரபுக்கு ஒவ்வாதவை, அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன" என்றார். பாலம் இறுகி நின்றது. முன்பைவிட இறுகலாக நின்றது, ஏனென்றால் அவைக்குறிப்பில் இப்போது மிச்சமிருந்தது, பாலம் உள்ளது, கட்டியவர் பஞ்சநதம், அவ்வளவுதான். சேந்தவாடி முனையில் கைப்பிடிச் சுவரில் ஒரு கறுப்புச் சலவைக்கல் பதிந்திருந்தது. 'கட்டியவர்: மாண்புமிகு பஞ்சநதம்' என்று அதில் தங்க எழுத்துகள் மின்னின.

எதிரிக்குப் பாலத்தைத் தூக்கிக் கொடுத்தவளுக்குக் கட்சி மந்திரி பதவியை விட்டுவைக்குமா. டீச்சரம்மாவைச் சீக்கிரமே இறக்கிவிட்டார்கள். அடுத்த தேர்தலில் பஞ்சநதமே எங்கள் தொகுதியில் வந்து நின்றார். ஆள் அனுப்பி எடுத்த சலவைக்கல்லின் படத்தைப் போட்டு, எங்கள் பக்கமே வராமல் ஓட்டுக் கேட்டார். தொகுதி பெரிது, நாங்கள் கொஞ்சம் பேர்; சேந்தவாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கல்லில் எழுதியிருக்கிறதுதான் தெரியும். எங்களிலும் சிலர் அவருக்குத்தான் போட்டார்கள், கல்லில் பெயர் இருக்கிறதே, மனசாட்சி வேண்டாமா என்றார்கள். டீச்சரம்மா தோற்றார். ஊருக்குத் திரும்பி வந்த அன்றைக்கு அவர் படகைக் கூப்பிடவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடந்து வந்தார். சலவைக்கல்லுக்கு எதிரே நின்று படித்தார். "எழுத்துப் பிழை இல்ல" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

ஜெயித்த பஞ்சநதம் நன்றி சொல்ல வந்தார். மேளம், பட்டாசு, கிரேன் வைத்துத் தூக்கிய ஆப்பிள் மாலை. சேந்தவாடிக் கரையிலிருந்து ஊர்வலம் பாலத்தில் ஏறியது. மேளக்காரர்கள் ஏறினார்கள், கொடிக்காரர்கள் ஏறினார்கள், கட்சிக்காரர்கள் ஏறினார்கள். பஞ்சநதம் ஏறவில்லை. முனைக்கு வந்து சலவைக்கல்லில் தன் பெயரைப் படித்தார், பாலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார், குனிந்து தூண்களுக்கு அடியில் பார்த்தார். தூண்கள் தண்ணீருக்கு ஒரு சாண் மேலேயே நின்றுகொண்டிருந்தன, அந்த இடைவெளியில் ஒரு கொக்கு நடந்துபோனது.

தங்கை கடையில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மா எழுந்து முனைவரைக்கும் வந்தார்.

"வாங்க, ஏன் நின்னுட்டீங்க? நீங்க கட்டுனதுதான?"

"அம்மா," என்றார் பஞ்சநதம் குரலைத் தாழ்த்தி, "இது... அன்னைக்கி நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

டீச்சரம்மா சட்டென்று கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினார்.

"ஷ்ஷ்! சொல்லிடாதீங்க. மேல ஆளுங்க நிக்கறாங்க."

டீச்சரம்மா கையை எடுத்ததும் பஞ்சநதம் பாலத்தை இன்னொரு தடவை பார்த்தார். மேளம் நடுப்பாலத்தில் நின்று அவருக்காகக் காத்திருந்தது. கடைசியில் அவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்வலத்தின் காதில் விழாதபடி கேட்டார்.

"இங்க படகு எதுவும் இருக்குமா?"

"இருக்குங்கய்யா" என்றார் கீழேயிருந்து அஞ்சாப்புலி. "டீச்சரம்மா நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து சவாரி இல்லாமத்தான் கெடக்கு."

பஞ்சநதம் படகில் ஏறி நடுப்பலகையில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்றைக்கும் தொகுதிக்கு வந்தால் அப்படித்தான் போகிறார். அன்று முதல் தடவையாகப் படகு பாலத்தின் நிழலுக்குள் நுழைந்தபோது அவர் அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு மேலே எங்கள் ஆடுகள் போய்க்கொண்டிருந்தன.